உதை படாமல் விழுந்த எந்திர மனிதன்

ஒரு சாண் இருக்கும். கதாநாயகனின் குதிகாலுக்கும் எந்திர மனிதனின் மார்புக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி இருந்ததை நான் பின்வரிசையிலிருந்தே பார்த்தேன். ஆனாலும் எந்திர மனிதன் மல்லாக்க விழுந்தான். அவன் விழுந்து முடித்த பிறகுதான் 'டங்' என்று சத்தம் வந்தது, தகர வாளியைக் கிணற்றுச் சுவரில் இடித்த மாதிரி.

ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னி. தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் அப்பா முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினார்.

"பட்ட மாதிரி தெரியலையே" என்றார்.

அப்போது நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், இந்த வாரம் எழுத எனக்கு எதுவுமே இருந்திருக்காது.

சண்டை பார்க்கத் தெரிந்தவர்

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். சினிமாவுக்குப் போனால் காதல் காட்சியில் தூங்குவார். பாட்டு வந்தால் வெளியே போய் டீ குடிப்பார். சண்டை வந்தால் மட்டும், இயந்திரத்தில் ஏதோ சத்தம் மாறிவிட்டதைக் கேட்டவர் போல நிமிர்ந்து உட்காருவார்.

சண்டை பார்ப்பதற்கு அவரிடம் தனி முறை இருந்தது. வாள் சண்டை என்றால் மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். கம்புச் சண்டை என்றால் பாதத்தைப் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்க்கிறவனுக்குச் சண்டை புரியாது என்பார். சின்ன வயதில் நான் அவர் மடியில் உட்கார்ந்து படம் பார்க்கும்போது, என் தாடையைப் பிடித்துக் கீழே திருப்புவார். "காலைப் பாரு, காலைப் பாரு."

திங்கட்கிழமை காலையில் மில் கேன்டீனில் அவரைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்குமாம். பார்த்துவிட்டு வந்த படத்தின் சண்டைகளை வரிசையாகச் சொல்வார். டம்ளர்தான் கதாநாயகன், வடைத் தட்டுதான் வில்லன்.

தளவாய்புரத்திலிருந்து சைக்கிளில் வேலைக்கு வரும் ஒருவர் தியேட்டருக்கே போனதில்லை. அப்பா சொல்லித்தான் அவருக்கு எல்லாப் படமும் தெரியும். ஒரு முறை யாரோ வற்புறுத்தி அவரைப் படத்துக்கு அழைத்துப்போனார்கள். மறுநாள் வந்து அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டாராம்: "நீங்க சொன்ன அளவுக்குப் படத்துல இல்லண்ணே."

இதை அம்மா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அப்பா சிரிக்க மாட்டார். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

ஷார்ட்ஹேண்ட் வகுப்பு

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபது வயது. பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். சுருட்டிய துணியை எண்ணி, உறையில் போட்டு, ஒட்டுகிற வேலை. காலை முதல் மாலை வரை குனிந்த தலை நிமிராது. நடக்கும்போதும் அப்படியே குனிந்து நடப்பேன். 'தரையில எதையாவது தொலைச்சிட்டியா' என்று அம்மா கேட்பாள்.

பக்கத்து மேசையில் பத்மா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். எங்களிடம் தமிழ் பேசும்போதும் அந்த ராகம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு நாள் அவள்தான் வந்து சொன்னாள், பள்ளிக்கூட மைதானத்தில் கராத்தே சொல்லித்தருகிறார்கள், பெண்களுக்கும் உண்டாம், போவோமா என்று.

கற்றுக்கொடுத்தவர் துரைராஜ். வேறொரு மில்லில் எலக்ட்ரீஷியன், எங்களைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். மதுரைக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்திருந்தார். பயங்கரக் கூச்ச சுபாவம். பெண்களோடு பேசும்போது ஆகாயத்தைப் பார்த்துத்தான் பேசுவார். வகுப்பைப் பிரபலப்படுத்த மார்க்கெட் பக்கம் நின்று ஒரு நாள் ஓடு உடைத்துக் காட்டினார். முதல் ஓடு உடையவில்லை. இரண்டாவதும் உடையவில்லை. மூன்றாவதை எடுத்துக் கொடுத்தவர் கைதவறிக் கீழே போட, அது உடைந்தது. கூட்டம் அதற்கும் கைதட்டியது.

அந்த வகுப்பின் நோட்டீஸ் மில் வாசலில் ஒட்டியிருந்ததை அப்பா படித்துவிட்டு வந்தார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "ஆம்பளைப் பயலுகளே கையக் கால ஒடச்சிக்கிட்டு வாரானுக. இதுல பொம்பளைப் பிள்ளைகளுக்கு வேறயா. நாளைக்கு ஒருத்தன் வந்து பொண்ணு பாக்கும்போது கட்டுப் போட்டுக்கிட்டா நிக்கும்?"

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டு, ஷார்ட்ஹேண்ட் படிக்கப் போகிறேன் என்றேன். நல்ல விஷயம் என்றார்.

பதினோரு மாதம் ஷார்ட்ஹேண்ட் படித்தேன். அம்மாவுக்கு இரண்டாம் வாரமே தெரிந்துவிட்டது. வெள்ளைச் சீருடையைத் துவைத்து, வீட்டுக்குள்ளேயே புடவைகளுக்குப் பின்னால் காயப்போடுவாள். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிட்டாள். "ஒங்கப்பாட்ட நீயேதான் சொல்லிக்கணும். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அந்த மைதானத்தைப் பற்றி எழுதாமல் நகர முடியவில்லை. ஜப்பான் மொழியில் எண்ணிக்கை. இச்சி, நி, சான். ஒவ்வொரு முறை 'நி' வரும்போதும் பத்மா என்னைச் சுட்டிக்காட்டுவாள். 'நீ'யாம். இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும், துரைராஜ் மாஸ்டர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே எங்களை மைதானம் சுற்ற அனுப்புவார். தூரத்தில் மலை நீலமாகக் கிடக்கும். புழுதி வாசனையும் வேர்வை வாசனையும் சேர்ந்திருக்கும். முதன்முதலாக ஒரு உதை சரியாக விழுந்த அன்று, உதை வாங்கும் மெத்தையைப் பிடித்துக்கொண்டிருந்த பத்மா இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே கேட்டாள்: "ஏட்டி, இது நீதானா?"

எனக்கே அது சந்தேகமாகத்தான் இருந்தது. அன்றைக்கு நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனேன்.

மஞ்சள் பெல்ட் ராஜபாளையத்திலேயே வாங்கிவிட்டேன். பச்சை பெல்ட் தேர்வு மதுரையில் என்றார்கள். விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். இரண்டு வாரமாக அந்தத் தாளை டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தேன். திங்கட்கிழமை மாலை கடைசி. மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், கையெழுத்து இல்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

அந்த வாரம்தான் தெருவில் மைக் கட்டிய வண்டி வந்தது.

பதினோரு பயங்கரச் சண்டைகள்

'இரும்புக் கோளில் ஒரு நெருப்புக் கால்.' வெளிநாட்டுப் படத்துக்கு நம் ஊர்க்காரர்கள் வைத்த தமிழ்ப் பெயர். போஸ்டரில் சந்திரனுக்கு முன்னால் ஒருவன் பறந்து உதைத்துக்கொண்டிருந்தான். காலிலிருந்து தீப்பொறி. கீழே வரிசையாக எந்திர மனிதர்கள். வானத்தில் கராத்தே, பதினோரு பயங்கரச் சண்டைகள் என்று வண்டியில் சொல்லிக்கொண்டு போனார்கள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அப்பாவுக்கு வாளும் கம்பும்தான் தெரியும், கராத்தே தெரியாது. ஒரு நல்ல கராத்தே சண்டையைப் பார்த்துவிட்டால் அவர் மனசு இளகிவிடும். திரும்பி வரும் பஸ்ஸில் மெதுவாக ஆரம்பிக்கலாம். அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, படம் நல்லாயிருந்தா சரி என்றாள்.

நானாகச் சண்டைப் படத்துக்குக் கூப்பிட்டதில் அப்பாவுக்கு ஆச்சரியம். சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். கோபுரம் கண்ணுக்குத் தெரிந்ததும் இறங்கி நடந்தோம்.

தியேட்டர் வாசலில் ஒரு எந்திர மனிதன் நின்றுகொண்டிருந்தான். மரச்சட்டத்தில் தெர்மாகோல் வைத்துச் செய்து, ஜிகினாத் தாள் ஒட்டியிருந்தார்கள். என்னைவிட ஒரு சாண் உயரம். அப்பா அவனைச் சுற்றி வந்து பார்த்தார். "கழுத்து நிக்காது" என்றார். ஃபிட்டர் கண்.

வெள்ளிச் சட்டைக்காரர்கள்

படம் தொடங்கி முக்கால் மணி நேரம் வெள்ளிச் சட்டை போட்டவர்கள் பேசினார்கள். மினுக்கு விளக்குகள் எரியும் ஒரு சுவருக்கு முன்னால் நின்று பேசினார்கள், உட்கார்ந்து பேசினார்கள், ஒருவர் படுத்துக்கொண்டு பேசினார். என்ன பேசினார்கள் என்பது தியேட்டரில் ஒருவருக்கும் புரியவில்லை. 'சண்டையப் போடுங்கடா' என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

முதல் சண்டை வந்தது. இருட்டில் வந்தது. மூச்சுச் சத்தம் கேட்டது, சாமான்கள் உருளும் சத்தம் கேட்டது. வெளிச்சம் வந்தபோது மூன்று பேர் விழுந்து கிடந்தார்கள். யார் யாரை அடித்தது என்று பின்னால் இரண்டு பேர் தர்க்கம் பண்ணிக்கொண்டார்கள்.

நான் அப்பாவின் விரலைப் பார்த்தேன்.  நல்ல சண்டை என்றால் தொடையில் விரலால் தாளம் போடுவார். விரல் அசையவில்லை.

இரண்டாவது சண்டைதான் நான் ஆரம்பத்தில் சொன்னது. எந்திர மனிதன் என்று வந்தவன், வெந்நீர் போடும் பாய்லரை மாட்டிக்கொண்டு நடப்பவன் போல இருந்தான். முழங்கால் மடங்கவில்லை. முதுகுப் பக்கம் தகரம் விலகி, உள்ளே பனியன் தெரிந்தது. கதாநாயகன் மூன்று முறை சுற்றினான். எந்தக் காரணமும் இல்லாமல் கத்தினான். காலைத் தூக்கினான்.

படவில்லை. விழுந்தான். டங்.

"பட்ட மாதிரி தெரியலையே" என்றார் அப்பா.

பதினோரு மாதமாகத் தினமும் அந்த ஒரு உதையை நூறு முறை உதைத்தவள் நான். அந்தப் போஸ்டரை நம்பி அப்பாவை அழைத்து வந்தவள். எனக்கு வந்த ஆத்திரத்தில் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பது மறந்துபோனது.

"எப்பிடிப்பா படும்?" என்றேன். "நிக்கிற காலைப் பாத்தீங்களா? அந்தக் குதிகாலு திரும்பவே இல்ல. அது திரும்பாம இடுப்பு திரும்பாது. இடுப்பு திரும்பாம எத்துனா காலு எட்டாது, எத்துறவன்தான் விழுவான். முழங்காலை முதல்ல நெஞ்சு வரைக்கும் தூக்கணும், பொறவுதான் நீட்டணும். இவன் கதவைத் தள்ளுற மாதிரி தள்ளுறான்."

திரையில் வெள்ளிச் சட்டைக்காரர்கள் மறுபடியும் பேச வந்துவிட்டார்கள்.

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். முறுக்குப் பொட்டலத்தை மடித்து மடியில் வைத்தார்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் திரையைப் பார்த்தேன். மீதிப் படம் முழுவதையும் அப்படியே பார்த்தேன். மூன்றாவது சண்டையில் வில்லன் மேல் பச்சை வெளிச்சம் ஒன்று அடித்தது, அவன் புகையாகப் போனான். கைகலப்பே இல்லை. படம் முடிந்தது என்று விளக்குப் போட்டுவிட்டார்கள். மீதி எட்டுச் சண்டைகளை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஜனங்கள் எழுந்து நின்றார்கள்.

கழுத்து

வாசலில் ஒரே சத்தம். சிலர் போஸ்டரைக் காட்டிக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா கூட்டத்தை விட்டு ஒதுங்கி, எந்திர மனிதன் நின்ற மூலைக்குப் போனார். நானும் போனேன்.  திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எங்க, எத்து" என்றார்.

"எதைப்பா?"

"இவனை. சரியா எத்துனா எப்பிடி இருக்கும்னு நான் பாக்கணும்."

இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் அவருக்குள் ஒரு தகப்பன் இருந்தார், பொய் சொல்லப்பட்ட தகப்பன். ஆனால் அந்தத் தகப்பனுக்கு முன்னால் சண்டை பார்க்க வந்தவர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் ஏமாற்றப்பட்டு, ஒரே ஒரு நல்ல உதையாவது பார்க்காமல் வீடு திரும்ப அவருக்கு மனசில்லை.

நான் பாவாடை தாவணியில் இருந்தேன். தாவணி முனையை இழுத்துச் செருகினேன். தொடாமல் ஒரு அங்குலம் முன்னால் நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. நின்ற கால் தானாகத் திரும்பியது. பாவாடை ஓரம் டர்ரென்று கிழிந்தது.

குதிகால் தோள்பட்டையில் பட்டது. எந்திர மனிதனின் தலை கழன்று, சுவரில் மோதி, உருண்டு வந்து சினிமா பார்த்துவிட்டு வந்த கூட்டத்தின் நடுவில் நின்றது.

 யாரோ ஒருவர் நிதானமாகச் சொன்னார்: "இந்தா, நாலாவது சண்டை."

கைதட்டல் வாசலை நிரப்பிவிட்டது. தியேட்டர் மேனேஜர் கையில் டார்ச்சோடு ஓடி வந்தார், பட்டப்பகலில். தலையைக் கையில் எடுத்து, என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னும் நான்கு நாள் ஓட வேண்டிய படம்மா என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, அழுகிற மாதிரி சொன்னார்.

அப்பா முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டார். கட்டுக்கம்பியும் குறடும் இருந்தால் தாருங்கள், பத்து நிமிஷத்தில் நிறுத்தித் தருகிறேன் என்றார். கொண்டுவந்து கொடுத்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன், அவர் கம்பியை முறுக்கினார். முறுக்கிக்கொண்டே கேட்டார்.

எத்தனை நாளாக? பதினோரு மாதமாக. யார் சொல்லிக்கொடுப்பது? சொன்னேன். எலக்ட்ரிக் துரைராஜா, அந்தக் கூச்சக்காரப் பயலா என்று கேட்டார். அம்மாவுக்குத் தெரியுமா? எந்திர மனிதனின் தலையை இறுக்கிப் பிடித்தேன். புரிந்துகொண்டார்.

"அப்ப ஷார்ட்ஹேண்டு?"

"ஒரு கோடு கூடத் தெரியாதுப்பா."

கம்பியின் முனையைக் குறடால் மடக்கிவிட்டார். அசைத்துப் பார்த்தார், தலை அசையவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பொய் சொன்னதுக்கு எனக்கு வருத்தந்தான். அது இருக்கும், சீக்கிரம் போவாது. ஆனா தாயி, நான் இத்தனை வருசம் பாத்ததுல இப்பிடி ஒரு எத்து பாத்ததில்ல."

 பஸ்ஸில் வீடு வரை அவர் விரல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தது.

மைதானத்தில் காக்கி

மறுநாள் வேலை முடிந்து அப்பா மில் காக்கிச் சட்டையோடு நேராக மைதானத்துக்கு வந்துவிட்டார். வேப்பமரத்தடியில் நின்றார். அவரைப் பார்த்ததும் துரைராஜ் மாஸ்டர் எண்ணிக்கையை மறந்து, இச்சி, நி, நி என்றார். பத்மா என்னை இரண்டு முறை சுட்டிக்காட்டினாள். யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை.

ஒரு மணி நேரம் அப்பா அசையாமல் பார்த்தார். முகங்களைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தார். முடிந்ததும் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கி, சைக்கிள் சீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். நானும் மதுரைக்கு வருவேன் என்றார். அது ஒன்றுதான் அவர் போட்ட நிபந்தனை.

மதுரையில் தேர்வுக்காக இரண்டு போட்டி. முதலாவதில் தோற்றேன். சிவகாசிப் பெண் ஒருத்தி, நான் மூச்சு விடுவதற்குள் மூன்று குத்து வைத்துவிட்டாள். திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் அப்பா இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதையே சொன்னார்: "காலைப் பாரு."

இரண்டாவதில் காலைப் பார்த்தேன். எதிராளி முன்னால் வரப்போகிறாள் என்பதைக் கை சொல்வதற்கு முன்பே கால் சொல்லிவிட்டது. ஜெயித்தேன். பச்சை பெல்ட் கிடைத்தது.

மதுரையிலிருந்து வந்த பிறகு, திங்கட்கிழமை மில் கேன்டீனில் என் சண்டையைச் சொன்னாராம். தளவாய்புரத்துக்காரர் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரே நேரத்துல மூணு பேரா வந்தாவ?" என்று கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் மாலை, வரிசையில் நிற்கிறோம். மைதானத்து வாசலில் அப்பா வந்துகொண்டிருந்தார். காக்கி இல்லை. கஞ்சி போட்ட மாதிரி விறைத்துக்கொண்டிருந்த புது வெள்ளைச் சீருடை, இடுப்பில் வெள்ளை பெல்ட். வயது நாற்பத்தெட்டு. வெளியிலிருந்து எத்தனை நாள் பார்ப்பது, உள்ளே எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று மாஸ்டரிடம் முன்பே பேசிவைத்திருக்கிறார். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. இந்த முறை ரகசியம் அவருடையது.

மாஸ்டர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு, புது ஆள் கடைசியில் நிற்கணும் என்றார். அப்பா கடைசியில் போய் நின்றார்.

எங்கள் வகுப்பில் ஒரு விதி உண்டு. வயது கணக்கில்லை, பெல்ட்தான் கணக்கு. புதிதாகச் சேர்ந்தவர் மூத்த பெல்ட்காரர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும்; மூத்தவர் நிமிர்ந்த பிறகுதான் அவர் நிமிரலாம். அப்பா வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பத்மாவுக்குச் சொன்னார். அடுத்து நான்.

காலைச் சேர்த்து வைத்தார். கைகளைத் தொடையோடு ஒட்டினார். இடுப்பிலிருந்து குனிந்தார். மூத்தவர் பதிலுக்குத் தலையை மட்டும் லேசாக அசைத்தால் போதும். என்னால் அது முடியவில்லை. நானும் குனிந்தேன், அவரைவிடக் கீழே. அவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் குனிந்தார். நானும் குனிந்தேன்.

"ஏட்டி, முதல்ல நீதான் நிமிரணும்" என்றார் மெதுவாக.

நான் நிமிர்ந்தேன். அதன் பிறகுதான் அவர் நிமிர்ந்தார்.